மலைப்பாதை மின்சார சைக்கிள்: எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது?

மலைப்பாதைக்கான மின்சார சைக்கிளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் இருக்கும். அல்லது பெடல் சுழலும் அச்சில் இருக்கும். விலை வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹப் மோட்டார், சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்தாமல் சக்கரத்தை நேராகச் சுழற்றுகிறது. எனவே செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகும்போது மோட்டாரும் மெதுவாகி, மின்சாரத்தின் கணிசமான பங்கு வெப்பமாக வீணாகிறது. நீண்ட ஏற்றம் முடிந்ததும் ஹப்பைத் தொட்டால் அந்தச் சூடு தெரியும். பெடல் அச்சு மோட்டாரின் விசையோ செயின் வழியாகக் கியர்களுக்குச் செல்கிறது. திண்டுக்கல் அருகேயுள்ள சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுநர் கியரைக் குறைத்து, இன்ஜினை வேகமாகச் சுழலவிட்டு ஏறுவதைப் போன்றது இது. ஆனால் முழு விசையும் செயின்மேல் விழுவதால், செயினும் பல்சக்கரங்களும் விரைவில் தேயும்.

மதுரை நகருக்குள்ளும் வைகைக் கரையிலும் ஓட்டுவதற்கு ஹப் மோட்டாரே தாராளமாகப் போதும். நாகமலை அடிவாரத்துச் சரளையிலும் சிறுமலை ஏற்றத்திலும் ஓட்ட விரும்புவோர், செலவு கூடினாலும் பெடல் அச்சு மோட்டாரையே வாங்குவது நல்லது.

வாட் கூடினால் ஏற்றம் எளிதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரே 250 வாட் கொண்ட இரு மோட்டார்களில், நியூட்டன் மீட்டரில் குறிக்கப்படும் முறுக்குவிசை எதில் அதிகமோ, அதுவே செங்குத்தான ஏற்றத்தில் நன்றாக இழுக்கும்.