மேக் 20, மூக்கு நுனியில் 17,800 கெல்வின்: பிழை காமாவில்

மேக் 20-இல், அதாவது ஒலியைப் போல 20 மடங்கு வேகத்தில், உங்கள் கணினிக் கணிப்பு கலத்தின் மூக்கு நுனியில் 17,800 கெல்வின் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மெஷ்ஷில் (கணிப்புக்காகக் காற்றுவெளியைப் பிரிக்கும் கட்டங்களின் வலை) தவறில்லை. காமாவை (காற்றின் இரு வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்) 1.4 என்று நிலையாக வைத்திருப்பதுதான் சிக்கல். 220 கெல்வின் காற்று மேக் 20-இல் மோதி நிற்கும்போது வரும் வெப்பநிலைக்கு, 1.4 வைத்த சூத்திரம் 17,800-தான் தரும். உண்மையில் அதில் பாதிகூட வராது.

வெப்பம் காற்றைச் சூடாக்குவதில் மட்டும் செலவாவதில்லை. முதலில் மூலக்கூறுகள் அதிர்கின்றன, அப்புறம் ஆக்சிஜன் உடைகிறது, அதற்கும் மேலே நைட்ரஜன். ஆற்றலில் பெரும்பங்கை இந்த உடைப்பே விழுங்கிவிடுகிறது.

மூக்கு மேலே தூக்குகிறது, ஃபிளாப் (கலத்தைச் சமன்செய்யும் அசையும் மடல்) கோணம் பொருந்தவில்லை என்றீர்களே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்வெளி ஓடம் முதல்முறை திரும்பியபோது, வால்பகுதி பாடி ஃபிளாப் கணித்ததைப் போல இரு மடங்குக்கும் மேல் இறங்க வேண்டியிருந்தது. அடிவயிற்றின் பின்பாதியில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு; அதனால் மூக்கு மேலே தூக்கியது, அதை அடக்கவே ஃபிளாப் இறங்கியது. காற்றுச் சுரங்கச் சோதனையில் அந்தச் சூடே இல்லை, அதனால் முன்கூட்டியே தெரியவில்லை. உயிரோடு இருவர் உள்ளே இருந்த பயணம் அது; நினைத்தால் இன்றும் பதறுகிறது.

சரி, இப்படிச் சோதியுங்கள்:

1. அதே மெஷ், காமா மட்டும் 1.2. அதிர்ச்சி அலைக்கு (மூக்குக்கு முன்னே காற்று திடீரென நெருக்கப்படும் இடம்) முன்னும் பின்னும் உள்ள காற்றின் அடர்த்தி விகிதம் 6-இலிருந்து 11-ஐ நெருங்கும். அந்த அலை முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் மூக்கை ஒட்டி நிற்கும்.

2. திருப்புவிசை (கலத்தைச் சுழற்றப் பார்க்கும் விசை) மூக்கு தூக்கும் பக்கம் நகர்ந்தால் காரணம் உறுதி. ஐந்து கூறு வேதிவினை மாதிரிக்கு, அதாவது மூலக்கூறுகள் உடைவதையும் கணக்கில் எடுக்கும் மாதிரிக்கு, மாறுங்கள்.

ஒன்று மட்டும்: 1.2 என்பது அழுத்தப் போக்கைப் பார்க்க மட்டுமே. சுவர் வெப்பத்தை, அதாவது கலத்தின் வெளிப்பரப்பில் ஏறும் வெப்பத்தை, அதில் கணக்கிடாதீர்கள். உடைந்து பிரிந்த அணுக்கள் அந்தப் பரப்பின்மேல் மீண்டும் சேர்கின்றனவா என்பதைப் பொறுத்து அது வெகுவாக மாறும்.