வாப்பாவின் கேசட் பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வாப்பா முதலில் கொழும்பில் கடையிலும், பிறகு சவூதியிலும் வேலை பார்த்தார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் கேசட் வாங்கி வருவார்கள். நாகூர் ஹனிபா பாட்டுகள், பழைய சினிமாப் பாட்டுகள், பஜார் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை, இலங்கை வானொலியிலிருந்து பிடித்தவை என்று ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. சவூதியிலிருந்து உம்மாவுக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளும் அதில்தான் கிடக்கின்றன. வாப்பா மௌத்தான பிறகு பெட்டியைத் திறந்தோம். பாதி ஓடவில்லை. ஓடுவதும் மங்கலாகக் கேட்கிறது.

"நாம காசு குடுத்து வாங்குனதுதானே உம்மா, எல்லாம் நெட்ல கெடக்கு, எறக்கிக்கலாம்" என்கிறான் மகன். "அது திருட்டு" என்கிறார் மருமகன். எது சரி? பதிந்து எடுத்தால் கொழும்பிலும் துபாயிலும் இருக்கும் தங்கைகளுக்கு அனுப்பலாமா? வீட்டில் ஒரு கல்யாணமும் வருகிறது. அங்கே போடலாமா?

— வாசகி, கீழக்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

காசு கொடுத்தது உண்மை. அந்தக் கேசட் வாப்பாவின் சொத்து, இப்போது வாரிசுகளான உங்களுடையது. விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், காலமெல்லாம் போட்டுக் கேட்கலாம். ஆனால் அதைப் பார்த்து இன்னொரு பிரதி எடுக்கும் உரிமை விலையோடு சேர்ந்து வரவில்லை. அது ஒலிப்பதிவைத் தயாரித்த நிறுவனத்திடமும், பாட்டு எழுதியவரிடமும், இசையமைத்தவரிடமும், அவர்களிடமிருந்து உரிமை பெற்றவர்களிடமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஒலிப்பதிவை மின்னணு முறையில் எந்த ஊடகத்தில் சேமித்தாலும் அதுவும் பிரதி எடுப்பதுதான் என்று 2012 திருத்தத்தில் வெளிப்படையாகவே சேர்த்தார்கள்.

அதே திருத்தம்தான் உங்களுக்கு ஒரு கதவையும் திறந்தது. 52-ஆவது பிரிவின் முதல் விதிவிலக்கு, சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாண்டால் அது மீறல் ஆகாது என்கிறது. 2012-க்கு முன்பு இந்தச் சலுகை எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகளுக்கு மட்டும்தான் இருந்தது. ஒலிப்பதிவு வெளியே நின்றது. இப்போது கணினி நிரல் தவிர எல்லாப் படைப்புக்கும் உண்டு. அந்த உபயோகத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறல் அல்ல என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கடையில் வாங்கிய கேசட்டை நீங்களே ஓடவிட்டு, கணினியில் பதிந்து, வீட்டில் கேட்டுக்கொள்வது இந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மகன் சொல்வது வேறு. அவர் உங்கள் கேசட்டிலிருந்து பிரதி எடுக்கவில்லை. உரிமையே இல்லாத ஒருவர் ஏற்றி வைத்த பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கிறார். ஏற்கெனவே வாங்கியவர் எங்கிருந்து வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று நம் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சொந்த உபயோகம்தானே என்று வாதாடலாம். அந்த விதிவிலக்கு பிரதி வந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் 'நியாயமான' என்ற நிபந்தனை அங்கே நிற்கிறது. கள்ளப் பிரதியை மூலமாக வைத்துக்கொண்டு அந்த நிபந்தனையைத் தாண்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

வெளிநாடுகளில் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். எம்பி3.காம் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-இல் ஒரு சேவை தொடங்கியது. உங்களிடம் இருக்கும் சிடியைக் கணினியில் போட்டுக் காட்டினால், நீங்கள் அதை வைத்திருப்பவர் என்று சரிபார்த்துவிட்டு, அதே பாட்டுகளைத் தங்கள் கணினியிலிருந்து இணையம் வழியே கேட்கத் தருவார்கள். உங்கள் மகன் சொல்லும் நியாயம்தான், அதுவும் சரிபார்த்துத் தந்தார்கள். நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்பவர் சிடி வாங்கியிருக்கலாம். அந்த ஆயிரக்கணக்கான சிடிகளைப் பிரதி எடுத்து வைக்க நிறுவனத்துக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளில் வீட்டு உபயோகப் பிரதிக்கு அனுமதி உண்டு. காலி சிடி போன்றவற்றின் விலையிலேயே கலைஞர்களுக்கான ஒரு தொகையைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள். அங்கேயும், மூலப் பிரதி சட்டவிரோதமானால் இந்த அனுமதி பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இந்த நியாயம் நம் ஊருக்கும் பொருந்துகிறது.

டோரன்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் இறக்குவதாக இருந்தால் எந்த வாதமும் நிற்காது. பாட்டு உங்கள் கணினிக்குள் வந்துகொண்டிருக்கும்போதே அதன் துண்டுகள் முகம் தெரியாத பலருக்கும் உங்கள் கணினியிலிருந்து போய்க்கொண்டிருக்கும். அது சொந்த உபயோகம் அல்ல, விநியோகம். தெரிந்தே மீறுவோருக்கு 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. வீட்டில் பாட்டுக் கேட்கும் ஒருவரைத் தேடி யாரும் கீழக்கரைக்கு வரப்போவதில்லை என்று மகன் சொல்வார். நடைமுறையில் அப்படித்தான் இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது எது சரி என்று. மாட்டிக்கொள்வோமா என்று அல்ல.

பெட்டியில் உள்ளவை எல்லாம் ஒரே ரகமும் அல்ல. ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நம் கடற்கரை ஊர் பஜார்களில் அந்தக் கடைகள்தான் பாட்டுக்கு வாசல். காலி கேசட்டும் பட்டியலும் கொடுத்தால் கடைக்காரர் தன்னிடமுள்ள இசைத்தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ பதிந்து தருவார். வாப்பா கொடுத்த காசு அவருக்குப் போனது. பாடியவருக்கோ தயாரித்தவருக்கோ அதில் ஒரு பைசாவும் போயிருக்க வாய்ப்பில்லை. அந்தக் கேசட்டுகளைக் காட்டி 'நாங்கள்தான் வாங்கிவிட்டோமே' என்று சொல்ல முடியாது. அந்தப் பாட்டுகள் வேண்டுமென்றால் முறையாக விற்கும் இடத்தில் வாங்குங்கள். உரிமையுள்ள நிறுவனமே யூடியூபில் போட்டிருந்தால் அங்கே கேளுங்கள். இன்று அதற்குப் பெரிய செலவில்லை.

பழைய பாட்டுதானே, காலாவதியாகி இருக்காதா என்று மகன் கேட்கக்கூடும். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1964-இல் வெளியான தட்டின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் காலமானபின் 60 வருடம். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. எம்.எஸ். விஸ்வநாதன் 2015-இல் மறைந்தார். அவர் மெட்டுக்கு 2075 முடியும் வரை. பதிவு பழசாகிவிட்டதாலேயே பாட்டு முழுவதும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

சட்டத்தில் எனக்குக் குறை இருக்கிறது. வாங்கிய பாட்டை வாங்கியவர் தன் வீட்டில் எந்தக் கருவிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று சாதாரணத் தமிழனுக்கும் புரிகிற மாதிரி நேராக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். 'நியாயமான கையாளுகை' என்ற தொடரை வைத்துக்கொண்டு கீழக்கரையில் ஒரு குடும்பம் மாமனும் மச்சானுமாக வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிரிட்டனில் 2014 அக்டோபரில் அப்படி ஒரு விதி கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

இனி பெட்டிக்கு வருவோம். நெட்டில் தேடுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். எந்தக் கேசட்டையும் உடனே டேப் ரெக்கார்டரில் போட வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து, நடுவிலுள்ள கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஓடவிட்டால், டேப்பில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். பிறகு நாடா வெளியே தெரியும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய தகட்டின் மேல் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். வாடையும் கச்சானும் மாறி மாறி அடிக்கும் நம் கரையில் தகடு துருவேறி, பசை விட்டு, அது உதிர்ந்துவிடும். பாட்டு மங்கலாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நாடா நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூ போட்ட கேசட்டானால் பிரித்து, நாடாவை அப்படியே வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிவிடலாம்.

கேசட்டின் பின்பக்க விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இருந்தால் உடைத்துவிடுங்கள், கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. பல வருடம் கிடந்த நாடாவை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டேப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிள், கணினியில் லைன்-இன் உள்ள ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. ஸ்பீக்கர் முன்னால் ஃபோனை வைத்துப் பதிய வேண்டாம். முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து, அதிலிருந்து ஃபோனுக்கு எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்காரத்தான் வேண்டும்.

வாப்பா பேசி அனுப்பிய கேசட்டுகளை முதலில் எடுங்கள். வளைகுடாவுக்கு ஆள் போன நம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக இந்தக் கேசட்டுகள்தான் வந்தன. அவற்றைப் பதிந்தவர் வாப்பா. சட்டப்படி அந்த ஒலிப்பதிவின் உரிமையும் அவருடையது, அவருக்குப் பின் உங்களுடையது. பெட்டியிலேயே முழு உரிமையும் உங்கள் குடும்பத்திடம் இருப்பது இவற்றுக்கு மட்டும்தான். எந்த இணையதளத்திலும் இவை கிடைக்காது. அடுத்து இலங்கை வானொலிப் பதிவுகளை எடுங்கள். பாட்டு வேறு எங்கும் கிடைத்துவிடும். இடையில் வரும் அறிவிப்பாளர் குரலும் நேயர் விருப்பப் பெயர்களும் கிடைக்காது. மகனுக்குப் பாட்டு இறக்குவதில் இருக்கும் ஆர்வத்தை இதில் திருப்பிவிடுங்கள்.

தங்கைகளுக்கு அனுப்பலாம். அவர்களும் வாரிசுகள்தான்; வீட்டுக்குள் பகிர்வது பொதுமக்களுக்கு வெளியிடுவது ஆகாது. ஊர் வாட்ஸப் குழுக்களில் சினிமாப் பாட்டையோ ஹனிபா பாட்டையோ போடாதீர்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் காசு வாங்கும் கடைக்கும் கொடுக்காதீர்கள்.

கல்யாணத்தில் தாராளமாகப் போடலாம். உண்மையான மதச் சடங்கில் ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவது மீறல் அல்ல என்று அதே 52-ஆவது பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் சேரும். இதற்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் அறிவிப்பும் வெளியிட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளைச் சேர்த்துக் கல்யாண வீடியோ செய்து யூடியூபில் ஏற்றுவதற்கு இந்த விலக்கு பொருந்தாது. வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்