தினமும் பேக்கப் எடுக்கிறோம், பழைய கணக்கைத் தனியாக ஏன் வைக்க வேண்டும்?

பேக்கப் என்பது நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்கான வழி. ஹார்டு டிஸ்க் பழுதானாலோ, வைரஸ் புகுந்தாலோ கைகொடுக்கும். ஆனால் இடம் மிச்சப்படுத்த, பழைய நகலின் மேலேயே புதியது எழுதப்படும். சிக்கல் அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் 30 நாள் பேக்கப் மட்டும் வைத்திருந்தார்கள். ஏப்ரலில் யாரோ பழைய பில் கோப்புறை ஒன்றை அழித்துவிட்டார். ஜூலையில் தணிக்கையாளர் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்று கையிலிருந்த 30 நகல்களிலும் அந்தக் கோப்புறை இல்லை. பேக்கப் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. அழிந்த நிலையையும் அப்படியே நகலெடுத்திருந்தது!

ஆவணக் காப்பு வேறு. முடிந்துபோன கணக்கை, இனி யாரும் திருத்த முடியாதபடி, தேடினால் கிடைக்கும்படி ஒதுக்கி வைப்பது அது. எவ்வளவு காலம் என்பதைச் சட்டம் சொல்கிறது: ஜிஎஸ்டி கணக்குகளுக்கு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள், நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டுகள். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் நீளும்.

பேக்கப் கோப்பைத் திறக்கப் பெரும்பாலும் அதே மென்பொருள் வேண்டும். எட்டு ஆண்டு கழித்து அது இருக்குமா? அதனால் பில்களை பிடிஎஃப்-ஏ வடிவில் (நீண்ட காலம் காத்து வைப்பதற்கென்றே உள்ள பிடிஎஃப் வகை) வையுங்கள். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருக்கும். நிதியாண்டு வாரியாகப் பெயரிடுங்கள். அந்தக் காப்புக்கும் வேறோர் இடத்தில் ஒரு நகல் வேண்டும்.