கோத்தகிரிக்கு எத்தனை நாள்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயசு 32, இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம். டவுன்ல ஒரு லீசிங் கம்பெனில, தவணை கட்டாதவங்ககிட்ட வசூலிக்கிற ரெக்கவரி வேலை, ஏழு வருஷம் முடிஞ்சிருச்சு. எங்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டு வரிசையில, கொழுந்து மலைக்குப் போகாம ஆபீஸ் வேலைக்குப் போன மொத ஆள் நான்தான். அப்பா இல்லை. அம்மாவுக்கு 58, இன்னும் கொழுந்து எடுக்குறாங்க, காலையில இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு எனக்கு முன்னாடியே எறங்கிருவாங்க.

2022ல பெற்றோல் லைன் ஞாபகம் இருக்கும், பங்கீட்டுக்கு கியூஆர் வந்த பிறகும் மோட்டார் பைக்குக்கு வாரத்துக்கு நாலு லீட்டர்தான், அத வச்சு தோட்டம் தோட்டமா கலெக்‌ஷனுக்குப் போக முடியல, அப்பதான் ஒரு செகண்ட் ஹேண்ட் மவுன்டன் சைக்கிள் வாங்கினேன். பெற்றோல் கிடைக்க ஆரம்பிச்சும் நான் சைக்கிளை விடல. ஞாயித்துக்கிழமைல தலவாக்கலை வரைக்கும் போய் வருவேன், டெவன் நீர்வீழ்ச்சி பக்கம் மிஸ்ட்டுல யாருமே இல்லாம மிதிக்கிறப்ப மட்டும்தான் தலைக்குள்ள சத்தம் நிக்கும்.

2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்ம ஆளுங்க நடந்தாங்களே, மலையகத் தமிழர் இங்க வந்து இருநூறு வருஷம் ஆனதுக்கு, மலையகம் 200 நடைபயணம், அதுல கடைசி ரெண்டு நாள் நானும் நடந்தேன். அப்ப வந்ததுதான் இந்த யோசனை. நம்மவங்க கால்நடையா மேல வந்த பாதையில நான் சைக்கிள்ல கீழ போகணும். அம்மாவோட பெரியண்ணன், எனக்குப் பெரிய மாமா, நம்ம ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 1975ல இந்தியாவுக்குப் போனவரு. அம்மாவுக்கு அப்ப எட்டு வயசு. ஹட்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏத்திவிட்டதோட சரி, அதுக்குப் பிறகு பாக்கல. கோத்தகிரியில தேயிலைத் தோட்டத்துல வேலைன்னு கடுதாசி வரும், 80க்கு மேல அதுவும் நின்னுபோச்சு. கடைசியா வந்த நீலக்கலர் ஏரோகிராம் பிஸ்கட் டின்னுல பேர்த் சர்டிபிகேட்டுகளோட கிடக்கு, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு போயி, அட்ரஸ் மட்டும் வாசிக்கலாம்.

பிளான் இதுதான். தைப்பொங்கல் முடிஞ்சதும் வேலையை விட்டுட்டு கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 ரோட்டு வழியா காங்கேசன்துறை, அங்க கப்பல்ல நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி. பிறகு கன்னியாகுமரி, அப்படியே கோவா வரைக்கும். நாலு மாசம். கையில ஆறு லட்சம் இருக்கு. பின் கேரியர் பை, டென்ட், ஸ்பேர் ஸ்போக் எல்லாம் வாங்கி ஃப்ரெண்டு வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கேன். ரிசைன் லெட்டர் அஞ்சு மாசமா போன்ல டிராஃப்ட்ல கிடக்கு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

இன்னொன்னும் இருக்கு. போன வருஷம் ஒருத்தரோட த்ரீவீலை தூக்கப் போனோம், மூணு மாசத் தவணை பாக்கி. சாவியை அவரே கொண்டாந்து குடுத்தாரு. அவரோட சின்னப் புள்ள ஸ்கூல் பேக்கை சீட்டுல வச்சிருந்துச்சு, ஓடி வந்து அத எடுத்துக்கிட்டு என்னைப் பாத்துச்சு. அன்னையில இருந்து விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. திங்கக்கிழமைன்னாலே வயித்துல புளியைக் கரைக்குது.

நான் ஆசைப்பட்டுப் போறேனா, இல்ல ஓடிப்போறேனா அக்கா?

ஹட்டன் வாசகர்

—

அன்புள்ள தம்பிக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன். அந்த ஸ்கூல் பேக் என் கண்ணுல நிக்குது, அப்ப உங்க கண்ணுல எப்படி நிக்கும். அதனால மொதல்ல அதையே பேசுவோம்.

நீங்க சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைத்தான் செஞ்சீங்க, ஆனா உங்க மனசு அதை ஒத்துக்கல. நமக்கு சரின்னு படாத ஒன்னை நம்ம கையாலயே செய்ய வேண்டி வந்தா உள்ள ஒரு காயம் விழும், கோழைத்தனம்னோ வேலைக்கு லாயக்கில்லைன்னோ அதுக்குப் பேர் வைக்காதீங்க. லயத்துல பொறந்து வளந்த நீங்களே இன்னொரு லயத்து வாசல்ல போய் சாவியை வாங்க வேண்டி வந்துச்சு, அது வலிக்கத்தான் செய்யும். இத்தனை மாசமா இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? சொல்லலன்னுதான் நினைக்கிறேன். இப்படியே தூக்கம் கெட்டுக்கிட்டே இருந்தா பக்கத்து ஆதார வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குப் போங்க, இல்லாட்டி 1926க்கு எடுங்க, அது தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், தமிழ்லயும் பேசலாம். இந்தக் காயத்தை ஆத்தாம கிளம்பினா அதுவும் பின் கேரியர்ல ஏறிக்கிட்டு வரும், கிளிநொச்சியில டென்ட் அடிச்சுப் படுத்தாலும் மூணு மணிக்கு எழுப்பிரும்.

அடுத்து உங்க பிளான். மாமாவைப் பத்தியும் அந்த ஏரோகிராம் பத்தியும் எவ்வளவு எழுதியிருக்கீங்க, மடிச்ச எடம் கிழிஞ்சது வரைக்கும். கன்னியாகுமரிக்கும் கோவாவுக்கும் சேத்து ஒரே வரி. நீங்க நிஜமா போக ஆசைப்படுற எடம் கோத்தகிரிதான்னு எனக்குப் படுது. கணக்கு போட்டுப் பாருங்க. ஏ9 கண்டியில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் 321 கிலோமீட்டர், ஹட்டன்–கண்டியும் காங்கேசன்துறையும் சேத்தா 400 சொச்சம். நாகப்பட்டினத்துல இருந்து கோத்தகிரியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டர்னு வச்சாலும் பதினஞ்சு பதினாறு நாள். கப்பலுக்குக் காத்திருக்குறது, ஓய்வு, அங்க தேடுறது எல்லாம் போட்டாலும் ஒன்றரை மாசத்துக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம். அதுக்கு வேலையை விடணும்னு கட்டாயம் இல்லை, நோ-பே லீவு கேட்டுப் பாக்கலாம்.

அப்ப நாலு மாசம் எங்க இருந்து வந்துச்சு? ரெக்கவரி வேலைல இருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகணும்னு மனசு கேக்குது, அதுதான் கோவா வரைக்கும் இழுத்துருச்சு. ரெண்டு முடிவை ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கீங்க தம்பி. ஆசையா ஓட்டமான்னு கேட்டீங்களே, கோத்தகிரி ஆசை, மிச்சம் ஓட்டம்.

அந்த வேலையை விடுறதுதான் உங்களுக்கு நல்லதுன்னு நான் நினைக்கிறேன், இதை மறைக்க விரும்பல. ஆனா பயணத்தைச் சாக்கா வச்சு விட்டா திரும்பி வர்றப்ப கையில காசும் இருக்காது, வேற எடமும் கிடைக்காது, பழைய சீட்டுலயே போய் உக்கார வேண்டி வந்துரும். அடுத்த வேலையைத் தேடிக்கிட்டு விடுங்க. விடுறப்ப உங்களுக்கு வர வேண்டியதையும் கேட்டு வாங்குங்க, பதினஞ்சு பேருக்குக் குறையாத எடம்னா அஞ்சு வருஷம் முடிஞ்சவங்களுக்கு கிராஜுட்டி உண்டு, வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், உங்க ஏழு வருஷத்துக்கு மூணரை மாசச் சம்பளம். ஈடிஎஃப், அதான் ஊழியர் நம்பிக்கை நிதி, வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஊழியர் சேமலாப நிதியை, ஈபிஎஃப்பை, கணக்குல சேக்காதீங்க, ஆம்பளைங்களுக்கு அது 55 வயசுலதான்.

இனி அம்மா. எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. ஸ்போக் வரைக்கும் யோசிச்சு வாங்கின நீங்க அம்மாகிட்ட சொல்றதை மட்டும் தள்ளிக்கிட்டே போறீங்க. எட்டு வயசுல ஹட்டன் ஸ்டேஷன்ல நின்னு அண்ணன் போறதைப் பாத்தவங்க அவங்க. கடல் தாண்டிப் போனவங்க திரும்பல, அதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச கதை. திடீர்னு ஒருநாள் பையைக் காட்டி நாளைக்குப் போறேன்னு சொன்னா ஆபீஸ் வேலை போச்சேன்னு அவங்க அழ மாட்டாங்க, அந்தப் பிளாட்பாரத்துல மறுபடி நிக்கிற மாதிரி இருக்கும். எங்க வீட்டுலயும் சித்தப்பா ஒருத்தர் கூடலூருக்குப் போனாரு, எங்க அப்பாயி சாகுற வரைக்கும் ரயில் சத்தம் கேட்டா பேச்சை நிறுத்திருவாங்க. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

வேலை நாள்ல வேணாம், ஒரு ஞாயித்துக்கிழமை ஒளிச்சு வச்ச பையெல்லாம் மாட்டி சைக்கிளை ஃப்ரெண்டு வீட்டுல இருந்து உங்க வாசலுக்கே உருட்டிக்கிட்டு வாங்க. பிளேன்டீ குடிக்கிறப்ப அந்த டின்னை எடுத்து மாமாவைப் பத்திக் கேளுங்க, அவரு எப்படி இருப்பாரு, போறப்ப என்ன சொன்னாருன்னு. கேட்டுட்டு அவங்களைப் பேச விடுங்க, உங்க பிளானை அவசரப்பட்டு இடையில போட வேணாம். அழுதாலும் திட்டினாலும் உடனே சமாதானம் பண்ண நிக்காதீங்க. எந்தெந்த ஊர்ல ராத்திரி தங்குவீங்க, எத்தனை மணிக்கு கோல் எடுப்பீங்க, எந்த தேதி வீட்டுல இருப்பீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. திரும்பி வர்ற தேதி அந்தத் தாள்ல பெருசா இருக்கட்டும்.

இன்னொன்னு, மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க. அந்த அட்ரஸ்ல இப்ப யாரும் இல்லாம போகலாம். தாயகம் திரும்பினவங்களுக்காகன்னு 1968ல நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, டான்டீம்பாங்க, நம்ம ஆளுங்க நெறைய பேர் அங்கதான் வேலை செஞ்சாங்க, ஆனா அம்பது வருஷம்னா ரெண்டு தலைமுறை, பிள்ளைங்க வேலை தேடி திருப்பூர், கோயம்புத்தூர்னு எறங்கியிருக்கலாம். மாமாவே இல்லாமலும் இருக்கலாம். அந்தச் செய்தியை அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வைங்க, ரோட்டோரத்துல தனியா நின்னு யோசிக்க வேணாம்.

பொங்கல் முடிஞ்சு கிளம்புறது நல்ல முடிவு, வாடைக்காத்து மழையில கப்பலை நிறுத்திருவாங்க, திரும்ப ஓட ஆரம்பிச்ச தேதியைக் கேட்டுட்டே டிக்கெட் போடுங்க. அதுக்கு முன்னாடி பையெல்லாம் முழு பாரத்தோட மாத்தளை வரைக்கும் ஒரு தடவை ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. கினிகத்தேனை எறக்கத்துல பாரத்தோட பிரேக் கட்டை சூடேறும், நடுவுல நிறுத்தி ஆற விடுங்க. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல ஒரு கற்பூரம் ஏத்திட்டுத் திரும்பலாம், மன்னார்ல இருந்து நடந்து வந்தவங்க கும்பிட்ட எடம் அது. அந்த ரெண்டு நாள்ல தூக்கம் எப்படி இருக்குன்னும் கவனிங்க.

ரிசைன் லெட்டர் டிராஃப்ட்லயே இருக்கட்டும். அம்மாகிட்ட பேசினதும் எனக்கு எழுதுங்க, அந்த ஏரோகிராம்ல மாமா கடைசியா என்ன எழுதியிருந்தாருன்னும் எழுதுங்க.

அன்புடன்,
அக்கா