நூலக அட்டையும் விசாவும்: உங்கள் அச்சத்துக்கு என் பதில்

மாணவர் விசாவில் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மாதமே ஆன நிலையில், பொது நூலகத்தில் அரசியல், மதம், போர் பற்றிய நூல்களை இரவல் வாங்கினால் அந்தப் பட்டியல் அரசின் கைக்குப் போய், பின்னாளில் கிரீன் கார்டுக்கு இடைஞ்சலாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் எனக்கும் இதே அச்சம் இருந்தது. கணினி நூல்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துவருவேன். உண்மையில் படிக்க விரும்பியவற்றை அலமாரி ஓரத்தில் நின்றபடியே புரட்டிவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிடுவேன்.

அந்த வழக்கத்தை மாற்றியது ஒரு சிறு நிகழ்ச்சி. முந்தைய ஆண்டு எடுத்த ஒரு நூலின் பெயர் மறந்துபோனதால் முகப்பு மேசையில் விசாரித்தேன். அங்கிருந்த நூலகர் தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்போது என் கையில் இருந்த இரண்டு நூல்கள் மட்டுமே அதில் இருந்தன. நூல் திரும்பி வந்து, அபராத பாக்கியும் இல்லையென்றால், அந்த நூலுக்கும் வாசகர் பெயருக்கும் உள்ள தொடர்பை அழித்துவிடுவதாகவும், யார் வந்து கேட்டாலும் கொடுப்பதற்குத் தங்களிடம் எதுவும் இருக்கக் கூடாது என்பதே அதன் காரணம் என்றும் அவர் விளக்கினார்.

இது அந்த ஒருவரின் நல்ல மனம் மட்டுமன்று. வாசகரைப் பற்றித் தெரியவரும் தனிப்பட்ட செய்திகளை மறைவாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939 ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளிலேயே எழுதிவைத்துவிட்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இதற்கெனத் தனிச் சட்டமே உண்டு. நூலகத்தைப் பயன்படுத்துபவர் என்றால் போதும். குடியுரிமை உள்ளவரா இல்லாதவரா என்று அச்சட்டங்கள் பொதுவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, நெருக்கடியில் அதற்காக ஒருவர் எழுந்து நிற்பது வேறு என்பதை அறிந்தவன் என்பதால், இரண்டு நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன். 2004 இல் வாஷிங்டன் மாநிலத்தின் டெமிங் என்ற சிற்றூர் நூலகத்தில், பின் லாடன் வாழ்க்கை வரலாறு ஒன்றின் பக்க ஓரத்தில் யாரோ கையால் எழுதிவைத்திருந்த வரியைக் காரணம் காட்டி, அந்த நூலை எடுத்த அனைவரின் பெயர்களையும் எஃப்.பி.ஐ. கேட்டது. நூலகம் மறுத்தது. அடுத்து ஆணை வந்தபோதும் வழக்காடவே முடிவு செய்தது. இறுதியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு நூலை எடுத்தார்கள் என்பதற்காக மட்டுமே சந்தேக வளையத்துக்குள் வரவிருந்தவர்களை அந்தச் சிறிய நூலகம் காத்தது.

மற்றொன்று கனெக்டிகட்டில் நடந்தது. 2005 இல் அங்குள்ள நூலகக் கூட்டமைப்பு ஒன்றிடம், நீதிபதியின் கையொப்பமே தேவைப்படாத தேசியப் பாதுகாப்புக் கடிதம் ஒன்றைக் காட்டி, ஒரு கணினியின் பயன்பாட்டுப் பதிவுகளை எஃப்.பி.ஐ. கோரியது. கடிதம் வந்ததை எவரிடமும் சொல்லக் கூடாது என்ற வாய்ப்பூட்டும் அதனுடன் சேர்ந்தே வந்தது. கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்த நால்வர் பெயரை மறைத்து வழக்குத் தொடுத்தார்கள்; தங்கள் வழக்கின் விசாரணையையே வேறோர் ஊரில் அமர்ந்து திரையில்தான் பார்க்க முடிந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டத்தை 2006 மார்ச்சில் நாடாளுமன்றம் புதுப்பித்தபோது, அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இவர்கள் வாய் திறக்க முடியவில்லை. தடை நீங்கியது அதன் பிறகுதான். பதிவுகள் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அந்தக் காலக்கணக்கு இன்றும் என்னை உறுத்துகிறது.

நூலகப் பதிவுகளையும் இரகசிய நீதிமன்ற ஆணையால் கேட்க வழிவைத்த அச்சட்டத்தின் 215 ஆம் பிரிவு 2020 மார்ச்சில் காலாவதியானது. எனினும் முழுப் பாதுகாப்பு என்று உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். நீதிமன்றம் முறைப்படி ஆணையிட்டால் நூலகம் தன்னிடம் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் நூலகர்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள். மின்னூல் இரவலில் இன்னும் கவனம் தேவை. நூலக அட்டையைக் கொண்டே எடுத்தாலும், கிண்டிலில் படிப்பது அமேசான் கணக்கின் வழியாகச் செல்கிறது. அங்குள்ள தடயம் நூலகரின் கட்டுப்பாட்டில் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட வகை நூல்களை அச்சுப் பிரதியாக எடுப்பதே நல்லது.

அட்டை கைக்கு வந்ததும் இணையக் கணக்கைத் திறந்து, வாசிப்பு வரலாற்றைச் சேமிக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நூலகங்களில் நாமே இயக்கினால்தான் அது பதியத் தொடங்கும். பழைய பதிவுகளை எப்போது அழிப்பார்கள் என்று மேசையில் கேட்கத் தயங்க வேண்டாம். நான் கேட்டபோது ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.