வண்டிப் புகை வினையூக்கியும் அதைக் கெடுக்கும் விஷங்களும்: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய காரில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. கன்வர்ட்டரே போய்விடும் என்கிறார் மெக்கானிக். பயமுறுத்துகிறாரா?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். கன்வர்ட்டர் என்பது புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி உள்ள பெட்டி. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மத்தில் பாஸ்பரஸ் உண்டு. ஆயில் எரியும்போது அது புகையோடு போய், கன்வர்ட்டரின் முன்பக்கத்தில் படியும். சில சமயம் கண்ணாடிப் பூச்சு போல நுண்துளைகளை மூடிவிடும். அதைவிட மோசமான வேலை ஒன்றும் செய்யும். கன்வர்ட்டருக்குள் ஆக்சிஜனைச் சேர்த்துவைத்து வேண்டியபோது விடுவது சீரியம் ஆக்சைடின் வேலை. பாஸ்பரஸ் அதைச் சீரியம் பாஸ்பேட்டாக மாற்றிவிட்டால் அந்தச் சேமிப்பு போச்சு. வண்டி ஓடும் சூட்டில் அது திரும்பி வராது. முதலில் ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கேள்வி: கந்தகமும் அப்படித்தானா?

பதில்: கந்தகத்தைப் பெருமளவு விரட்டலாம். பெட்ரோல் வண்டியில் காற்று-எரிபொருள் கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடி, கன்வர்ட்டரும் நன்றாகச் சூடேறினால் அது ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். 2020 ஏப்ரல் முதல் நம் எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குள்தான் இருக்க வேண்டும். அதற்கு முன் 50.

கேள்வி: அண்ணா, நான் வேதியியல் ஆய்வு மாணவன். விஷத்தைத் தாங்கும் வினையூக்கியையே செய்ய முடியாதா?

பதில்: ஓரளவு முடியும், தம்பி. ஆனால் ஒரு விஷத்துக்குச் செய்த ஏற்பாடு இன்னொன்றிடம் தோற்கும். டீசல் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் வினையூக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடு) மேல் வனேடியம் ஏற்றினால் கந்தகத்தை நன்றாகத் தாங்கும், ஏனென்றால் டைட்டானியா எளிதில் சல்பேட் ஆகாது. அதே வினையூக்கியை சோடியமும் பொட்டாசியமும் கெடுத்துவிடும், அவை வினை நடக்கும் அமிலத் தளங்களில் போய் உட்கார்ந்துகொள்வதால். செம்பு ஏற்றிய சாபசைட் என்ற சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) துளைகள் மிகச் சிறியவை, அதனால் பெரிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் நுழைய முடியாது. ஆனால் செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வப்போது 500 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருக்கும். நிலக்கரி அனல்மின் நிலையங்களில் ஆர்செனிக்தான் தலைவலி. அங்கே மாலிப்டினம் சேர்த்த வினையூக்கி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். என்னைக் கேட்டால், கன்வர்ட்டரின் முன்பகுதியைப் பலி கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அங்கே அகலத் துளையுள்ள அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு பாஸ்பரஸை வாங்கிக்கொள்ள, விலையுயர்ந்த உலோகம் பின்னால் பிழைக்கும்.

கேள்வி: ஈயம்?

பதில்: அதற்கு எதிராக எந்த வடிவமைப்பும் பெரிதாக ஜெயிக்கவில்லை. யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1950களிலேயே அமெரிக்காவில் வாகன வினையூக்கி செய்தார், ஆனால் பெட்ரோலில் இருந்த ஈயம் அதைக் கெடுத்தது. அங்கே 1975 மாடல் கார்களில் கன்வர்ட்டர் வந்தபோது ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. இந்தியாவில் 2000 வரை ஆனது.

கேள்வி: கேஸ்கெட்டுக்கு சிலிகான் பசை போடலாமா?

பதில்: ஆக்சிஜன் சென்சாருக்கு (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் பசையை மட்டும் போடுங்கள். மற்றதில் ஆவியாகும் சிலிகான் எரிந்து சிலிகாவாகி, சென்சார் முனையில் வெள்ளையாகப் படியும். கன்வர்ட்டரையும் விடாது.

கேள்வி: கன்வர்ட்டரைச் சுத்தம் செய்ய டாங்கில் ஊற்றும் கிளீனர் வாங்கலாமா?

பதில்: பாஸ்பேட்டும் சிலிகாவும் அதற்கெல்லாம் அசையாது. அந்தக் காசுக்கு ஆயில் கசியும் வால்வு சீலை மாற்றுங்கள்.