எட்டு மணி நேரம் வைத்தும் மாட்டுக்கறி ஏன் வேகவில்லை? மலைவீட்டு ஸ்லோ குக்கருக்கு ஒரு வழி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தம்பி சிங்கப்பூரிலிருந்து ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை, வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறியும் காயும் போட்டுவிட்டுப் பூசைக்குப் போய்வந்தால், ராத்திரிச் சாப்பாடு தயாராக இருக்கும் என்று நினைத்தேன். கூட வந்த புத்தகத்தில் சொன்னபடி லோ-வில் எட்டு மணி நேரம் வைத்தேன். மூன்று தடவை செய்தும் கறி ரப்பர் மாதிரி, கேரட் நறுக்கென்று, குழம்பு தண்ணீராக. மலை மேல் இருப்பதால் வேகவில்லையா? நடுவில் கரண்ட் போனால் சாப்பிடலாமா?"

மலையிலிருந்தே தொடங்குகிறேன். ஏற்காட்டில் எது வேகாவிட்டாலும் முதல் பழி மலை மேல்தான் விழும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். கீழே சேலத்தில் ஏறக்குறைய 99. துவரம் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் இந்த நாலு டிகிரி பெரிய குறை. மாட்டுக்கறிக்கு அப்படியில்லை. கறியை இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற சவ்வு. அது 70 டிகிரிக்கு மேல் மெல்ல இளகத் தொடங்கி, 80-க்கும் 90-க்கும் நடுவில் சில மணி நேரம் இருந்தால் ஜெலட்டினாகக் கரைந்துவிடும். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு ஒட்டுகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். இதற்குத் தண்ணீர் கொதிக்கவே வேண்டாம். அதனால் மலையை விட்டுவிடுங்கள். உங்கள் குக்கர் 80 டிகிரியைத் தொடவே பாதி நாள் ஆகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

மூன்றரை லிட்டர் குக்கர் இழுக்கும் மின்சாரம் சுமார் 200 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு இழுப்பதில் பத்தில் ஒரு பங்கு. கும்முட்டி அடுப்பில் தணல் அடங்கியபின் அதன் மேல் வைத்த மண்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொதித்த குழம்பை அந்தத் தணல் அழகாகக் காக்கும். பச்சைத் தண்ணீரை வைத்தால் மதியம் வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். மார்கழிக் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறி, பனி மாதிரி குழாய்த் தண்ணீர், ஜில்லென்ற பீங்கான் பானை எல்லாம் சேர்ந்தால், எட்டு மணி நேரத்தில் மூன்று நான்கு மணி நேரம் சூடேறுவதற்கே போய்விடும். சூட்டை நீங்கள் அடுப்பில் கொடுக்க வேண்டும். குக்கர் அதைக் காத்துக்கொடுக்கும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. எஸ்டேட் பக்கத்து வீடுகளில் சில நேரம் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், குக்கரின் சூடு ஆறில் ஒரு பங்கு குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தக்கபடிதான் ஹீட்டர் சுடும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருந்தால், அதன் திறன் போதுமானால், குக்கரையும் அதில் சொருகலாம்.

கறியை வீணாக்காமல் குக்கரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பானையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, லோ-வில் எட்டு மணி நேரம் விடுங்கள். முடிந்ததும் மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். 85-க்கு மேல் காட்டினால் குக்கரில் கோளாறில்லை. அதற்குக் கீழே நின்றால், அந்தக் குக்கரில் இனி லோ-வை நம்பிக் கறி வைக்க வேண்டாம். ஹை-யில் மட்டும் சமையுங்கள்.

அடுத்தது கறி. வெளிநாட்டுப் புத்தகத்தின் எட்டு மணி நேரக் கணக்கு, ஒன்றரை இரண்டு வயது இளமாட்டுக்குப் போட்ட கணக்கு. நம் மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று கிடைத்த மாடும், அடிபட்டோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியதும்தான் அறுப்புக்குப் போகலாம். நம் கைக்கு வருவது பெரும்பாலும் உழைத்த மாடு. வயது ஏற ஏறக் கொலாஜன் ஒன்றோடொன்று பின்னி முறுகிவிடும். கரைய இன்னும் நேரம் கேட்கும். புத்தகம் எட்டு என்றால் நீங்கள் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்கும் விதத்திலும் தப்பு நடக்கிறது. "எலும்பு, சவ்வு இல்லாமல் சுத்தமான தொடைக்கறி" என்று கேட்டு வாங்கினால் ஸ்லோ குக்கரில் அது நார்நாராக வறண்டுபோகும், கரைந்து பிசுபிசுப்பு தருவதற்கு அதில் எதுவும் இல்லை. முன்சப்பையும் கால்கறியும் கேளுங்கள். வெள்ளைச் சவ்வு ஓடியிருக்க வேண்டும். ஒரு நல்லி எலும்பும் சேர்த்து வாங்குங்கள். கடைக்காரர் பழக்கத்தில் சின்னத் துண்டாகக் கொத்திவிடுவார். "குழம்புக்கு இல்லைங்க, இரண்டு அங்குலத் துண்டாப் போடுங்க" என்று கத்தி எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி செய்முறை. முக்கால் கிலோ கறியைக் கழுவி வடித்து, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, நான்கைந்து துண்டாக மட்டும் போடுங்கள். போட்டதும் கிளறக் கூடாது. முதலில் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடி சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும், அப்போது திருப்புங்கள். மொத்தக் கறியையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். இந்தச் சிவப்பு வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும்; ஸ்லோ குக்கரில் அது ஒருநாளும் வராது. கறியின் சாற்றை உள்ளே பூட்டுவதற்காக இதைச் செய்வதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி எதுவும் பூட்டப்படுவதில்லை, இது மணத்துக்காக மட்டுமே. நீங்கள் எழுதியதில் கறியை வறுத்ததாக ஒரு வரிகூட இல்லை. இந்த இருபது நிமிடத்தை மட்டும் சேர்த்துப் பாருங்கள், குழம்பே வேறாக இருக்கும்.

அதே சட்டியில் பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு மூன்று, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி வதக்கி, மல்லித்தூள் இரண்டு ஸ்பூன், மஞ்சள்தூள் போட்டுப் பச்சை வாசனை போக வறுங்கள். முழு மசாலாவைக் கொஞ்சமாகப் போடுங்கள். பத்து மணி நேரம் ஊறினால் கிராம்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஒன்றரை டம்ளர் கொதிநீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, அரை டம்ளர் காப்பி டிகாஷன் இருந்தால் அதையும் விடுங்கள். சர்க்கரை போடாத டிகாஷன். ஏற்காட்டுக் காப்பி மாட்டுக்கறிக்கு நன்றாக ஒத்துப்போகும்; காப்பி ருசி தெரியாது, குழம்பின் நிறமும் ஆழமும் கூடும். கறியைத் திரும்பச் சேர்த்து, உப்புப் போட்டு, பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள்.

காய்தான் பலருக்கும் ஆச்சரியம். ஸ்லோ குக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் கறியைவிடப் பிடிவாதக்காரர்கள். காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைய 85 டிகிரி வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: 55-லிருந்து 65 டிகிரிக்குள் காய் வெகுநேரம் கிடந்தால், உள்ளே இருக்கும் ஒரு நொதி பெக்டினை இன்னும் கெட்டிப்படுத்திவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் நறுக்கென்ற தன்மை முழுக்கப் போகாது. உங்கள் கேரட்டுக்கு நடந்தது இதுதான். தக்காளியும் புளியும் அந்தக் கெட்டியை இன்னும் காக்கும். அதனால் ஒரு அங்குலமாக வெட்டிய கேரட் கால் கிலோ, நாலாக வெட்டிய உருளை கால் கிலோ, இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டு ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, குக்கரின் அடியில் பரப்புங்கள். பானையை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொட்டிவிட்டிருக்க வேண்டும். காய்க்கு மேல் கொதிக்கும் கறி. தக்காளி கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தால் போதும்.

பானை பாதிக்குமேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் ஹை, பிறகு லோ-வில் எட்டு ஒன்பது மணி நேரம். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது முப்பது நிமிடம் ஆகும். பூசைக்குப் போகிற அவசரத்தில் இவ்வளவு முடியாது என்றால், வெங்காயம் அரிவதையும் மசாலா எடுத்துவைப்பதையும் சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிடுங்கள். கறியை வறுப்பதை மட்டும் காலையில் செய்யுங்கள். அரைகுறையாக வறுத்த கறியை ராத்திரி முழுக்க வைப்பது நல்லதல்ல.

பின்வாசல் பந்தலில் காய்க்கிற சௌசௌவை முதலிலேயே போட்டால் கரைந்து தண்ணீர் விடும்; அதையும் பீன்ஸையும் கடைசி ஒன்றரை மணி நேரத்தில், ஒரு கொதி விட்டபின் சேருங்கள். பச்சைப் பட்டாணி கடைசிக் கால் மணி நேரம். தேங்காய்ப்பால் அணைத்தபின். மிளகு மலையிலேயே விளைவது, அதை முன்பே போட்டு மணத்தைத் தொலைக்காதீர்கள். இறக்கும்போது ஒன்றரை ஸ்பூன் கொரகொரப்பாக இடித்துத் தூவுங்கள்.

குழம்பு தண்ணீராக இருந்ததற்குக் காரணம், மூடிய குக்கரில் ஆவி அவ்வளவாக வெளியேறுவதில்லை. கறியும் காயும் விடும் சாறு அப்படியே தங்கிவிடும். அடுப்புக்கு ஊற்றும் தண்ணீரில் பாதி போதும். கெட்டிக்குச் சோளமாவு வாங்க வேண்டாம். சேலத்துக்காரர் வீட்டில் ஜவ்வரிசி இல்லாமல் இருக்காது. இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்து, கடைசி முக்கால் மணி நேரத்தில் கலந்து ஹை-யில் விட்டால் குழம்பு பளபளவென்று இறுகி வரும். கட்டி தட்டாது.

உருளைக்குப் பதில் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) போட ஆசையாக இருந்தால் போடுங்கள், மாட்டுக்கறிக்கு அதைவிடப் பொருத்தமான கிழங்கு கிடையாது. ஆனால் பச்சையாகக் குக்கரில் போடக் கூடாது. அதில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது; தோலும் நடுநாரும் எடுத்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ராஜ்மாவுக்கு இன்னும் கண்டிப்பு. ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டால், அதிலுள்ள நச்சுப்புரதம் அந்தக் குறைந்த சூட்டில் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்திவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, பிரஷர் குக்கரில் முழுக்க வேகவைத்தபின் சேருங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

கரண்ட் போனால்? வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் பாத்திரத்துக்கு மாற்றி கேஸில் வைத்து முடித்துவிடுங்கள். வெளியே போய்த் திரும்பினால், எவ்வளவு நேரம் போனது என்பதுதான் கேள்வி. மைக்ரோவேவ் கடிகாரம் நேரத்தை மறந்து சிமிட்டிக்கொண்டிருந்தால் நடுவில் போய் வந்திருக்கிறது. கறி முழுக்க வெந்தபின் போயிருந்தால் மூடியபடி இரண்டு மணி நேரம் தாங்கும். அரைவேக்காட்டில் எப்போது போனதென்றே தெரியாமல், தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால், மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிடாதீர்கள். சில கிருமிகள் விட்ட நச்சு கொதியில் போகாது. முக்கால் கிலோ கறியைக் கொட்டுவது மனதுக்கு வலிக்கும்தான், கொட்டிவிடுங்கள். உங்கள் குக்கர் பட்டன் வைத்த டிஜிட்டல் வகையா, திருகும் வகையா என்று பாருங்கள். டிஜிட்டல் பல கரண்ட் திரும்பினாலும் தானாக ஓடாது; திருகும் வகை விட்ட இடத்திலிருந்து தொடரும். அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்குத் திருகும் வகையே மேல்.

வெந்ததா என்று பார்க்க, ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் அமுக்குங்கள். நார் பிரிந்து அமுங்க வேண்டும். எதிர்த்து நின்றால் இன்னும் ஒரு மணி நேரம்; அவசரமென்றால் கறியை மட்டும் பிரஷர் குக்கரில் இரண்டு விசில் விட்டுத் திரும்பச் சேருங்கள்.

மீந்ததைப் பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். கனமான பீங்கான் விடியும் வரை சூட்டைப் பிடித்திருக்கும், குழம்பு கெடும். அகலமான பாத்திரங்களில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மறுநாள் அடுப்பில் கொதிக்கவைத்துத்தான் பரிமாற வேண்டும், ஸ்லோ குக்கரில் சூடாக்கக் கூடாது. பானையைத் தூக்கும்போது ஒரு மடித்த துண்டோ பலகையோ தயாராக இருக்கட்டும். என் முதல் பானையை ஒரு மார்கழி ராத்திரி சுடச்சுட சமையல்மேடைக் கருங்கல்லில் வைத்தேன். டப்பென்று ஒரே சத்தம், அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு, குழம்பு மேடை முழுக்க ஓடியது.